எட்டு ஏறினால்

எனக்குக் கை சும்மா இருக்காது. கதவில் ஒரு திருகாணி லேசாக ஆடினால் இறுக்குவேன். இறுக்கிய பிறகு, சரியாக இறுகியதா என்று சந்தேகம் வரும். கழற்றிப் பார்ப்பேன். கழற்றியதில் மரை போய்விடும். அப்புறம் பெரிய திருகாணி, பெரிய ஓட்டை, கடைசியில் கதவு தனியாக, நிலை தனியாக. என் மனைவி இதைத் தன் பள்ளிக்கூடத்து டீச்சர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஆரம்பத்தில் சிரிக்கத்தான் செய்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில், ஐந்து வருடத்துக்குள் நான் ஐந்து வேலைகளை விட்டிருந்தேன். கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை, பீளமேட்டில் ஒரு ஃபவுண்டரி, ஒரு கிரைண்டர் கம்பெனி, ஒரு மில், கடைசியாக ஒரு லேத் பட்டறை. எங்கேயும் என்னை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்துவார்கள் என்று வாசனை அடித்ததும் நானே கிளம்பிவிடுவேன், அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வேன். ஃபவுண்டரியில் சூப்பர்வைசர் எனக்கு வந்த டீயை எடுத்துக் குடித்துவிட்டார் என்று விட்டேன். கிரைண்டர் கம்பெனியை விட்டதற்கு அந்தக் காரணம்கூட இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெற்றிலை வாங்க வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போகவில்லை. டிபன் பாக்ஸை மட்டும் மறுநாள் போய் வாங்கி வந்தேன்.

மனைவி டவுனில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். மகள் அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. சரவணம்பட்டியில் வாடகை வீடு. இருவரும் காலையில் ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்துப் போய் சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்புவார்கள். நான் எப்போது போவேன், எப்போது வருவேன் என்பது எந்த வேலையில் இருக்கிறேன் என்பதைப் பொறுத்தது. வேலை இல்லாத மாதங்களில் வீட்டிலேயே இருந்து கதவுகளைக் கவனித்துக்கொள்வேன்.

ஆறாவது வேலை கிடைத்த அன்று, பொங்கல் முடிந்த வாரம், அவள் பாகற்காய் நறுக்கிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள். கோபிசெட்டிபாளையத்தில் அவள் அப்பா வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் தமிழுக்கு ஆள் கேட்கிறார்களாம். ஜூனில் சேர்ந்தால் போதுமாம். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நறுக்கினாள்.

"முழுப்பரீட்சை வரைக்கும் பாக்கறேனுங்க. இந்த வேலையையும் விட்டுப்போட்டு வந்தீங்கன்னா நானும் பாப்பாவும் கோபிக்குப் போயிர்றோம்."

சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன், அதில் நான் கெட்டிக்காரன். அவள் குரலை உயர்த்தவில்லை. அந்த 'ங்க' கூடக் குறையவில்லை. அதனால்தான் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. மூன்று மாதம் ஓர் இடத்தில் ஒழுங்காக இருப்பது மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை, எனக்கு அது பெரிய காரியம்.

வேலை அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு கிளப்பில். மில்காரர்களும் டாக்டர்களும் சீட்டாடவும் டென்னிஸ் ஆடவும் வரும் இடம். அங்கே புதிதாக ஒரு நீச்சல்குளம் கட்டியிருந்தார்கள். அதன் மோட்டார் ரூமுக்கு ஆள் தேவைப்பட்டது. கிளப்பின் செகரட்டரி இருபது வருடம் சொந்தமாகப் பம்பு செய்து விற்றவர், தொழிலை மகன்களிடம் விட்டுவிட்டுக் கிளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்பு தெரியுமா என்று கேட்டார். கோயமுத்தூரில் பிறந்த எந்த ஆண்பிள்ளையாவது அந்தக் கேள்விக்குத் தெரியாது என்று சொல்லியிருப்பானா? நானும் சொல்லவில்லை. நீச்சல்குளத்து ஃபில்டரை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை என்பதையும் சொல்லவில்லை.

ஃபில்டரைப் பொருத்திய மெக்கானிக் பெருந்துறைக்காரர். ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் காட்டினார். ஆள் உயரத்துக்கு ஒரு ஃபைபர் டிரம், அதற்குள் முக்கால்வாசி மணல். குளத்துத் தண்ணீரை மோட்டார் இழுத்து மணல் வழியாக அனுப்பும். அழுக்கு மணலில் தங்கும், தண்ணீர் சுத்தமாகக் குளத்துக்குத் திரும்பும். டிரம்மின் தலையில் ஒரு கைப்பிடி. மோட்டாரை நிறுத்திவிட்டு அதைத் திருப்பிப் போட்டால் தண்ணீர் தலைகீழாகப் பாய்ந்து, தங்கிய அழுக்கையெல்லாம் கழிவுக் குழாயில் தள்ளிவிடும். அதுதான் ஃபில்டரைக் கழுவுவது. கழுவியதும் கைப்பிடியை அடுத்த இடத்தில் வைத்து ஒரு நிமிடம் அலசவேண்டும், பிறகு பழைய இடத்துக்கு. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் கேஜ். மணலில் அழுக்கு சேரச் சேர அதன் முள் ஏறும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தெரிந்தவன் மாதிரி டிரம்மை ஒருமுறை தட்டியும் பார்த்தேன்.

எப்போது கழுவவேண்டும் என்பதை மட்டும் கேட்க மறந்துபோனேன். என் மொபெட்டில் அவரைக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டபோதுதான் ஞாபகம் வந்தது. ஈரோடு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். ஏனுங்க, எப்பங்க கழுவறது என்று கத்தினேன்.

"எட்டு பவுண்டு ஏறினாக் கழுவிப்போடுங்க. அவ்வளவுதானுங்க."

பட்டறைக்காரர்களுக்குப் பிரஷர் என்றால் பவுண்டுதான், டயரில் அடிக்கும் காற்றாக இருந்தாலும் குழாயில் ஓடும் தண்ணீராக இருந்தாலும். சரிங்க என்றேன். பஸ் போய்விட்டது.

மறுநாள் காலை போய் மோட்டாரைப் போட்டேன். முள் பன்னிரண்டில் நின்றது. எனக்குப் பகீரென்றது. எட்டு ஏறினால் கழுவவேண்டும், இது பன்னிரண்டில் நிற்கிறது. உடனே கழுவினேன். கழுவி முடித்து மோட்டாரைப் போட்டால் மறுபடி பன்னிரண்டு. சரி, பிடிவாதமான அழுக்கு என்று இன்னொரு முறை கழுவினேன். பன்னிரண்டு. அன்றிலிருந்து தினமும் காலையில் கழுவுவேன், மனசு கேட்காத நாட்களில் சாயங்காலமும் கழுவுவேன். மனசு பெரும்பாலும் கேட்காது. கழுவிய தண்ணீர் வாய்க்கால் வழியாகப் புல்வெளிக்குப் போனது. தோட்ட வேலை பார்த்த அம்மாவுக்கு என்மேல் தனி மரியாதை வந்தது. வாழைக்கன்றெல்லாம் எப்படித் திமுதிமுவென்று வளருது பாருங்க என்பார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஐந்து வேலைகளில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது. கைப்பிடியைத் திருப்பலாம், தண்ணீர் சீறும், ஏதோ செய்துவிட்ட நிம்மதி வரும், மறுநாள் திரும்பவும் செய்யலாம். கழிவுக் குழாயில் ஒரு துண்டு கண்ணாடி வைத்திருந்தார்கள், போகிற தண்ணீர் எவ்வளவு அழுக்கு என்று பார்க்க. அதில் தண்ணீர் சுத்தமாகவே போனது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். நான் எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் குளம் மங்க ஆரம்பித்தது. முதலில் சாயங்கால வெளிச்சத்தில் லேசாகத் தெரிந்தது. அப்புறம் நட்டநடு மத்தியானத்திலும் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. தினமும் கழுவுவதில் குளத்து மட்டம் இறங்கும், அதை நிரப்ப போர் தண்ணீர் விடுவோம். அது உப்புத் தண்ணீர், அதன் பங்குக்கு அதுவும் கலக்கியது. பிளீச்சிங் பவுடர் போட்டேன். படிகாரம் கரைத்து ஊற்றினேன். சுவர்களைப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். எதற்கும் அசையவில்லை. எனவே இன்னும் நன்றாகக் கழுவினேன்.

குளத்தின் அடியில் நீந்துகிறவர்களுக்காகக் கறுப்புக் கோடுகள் போட்டிருப்பார்கள். ஒரு மாதம் ஆனபோது ஆழப் பக்கத்தில் அந்தக் கோடுகள் காணாமல் போயின. மெம்பர்களில் ஒரு டாக்டரம்மா தன் பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்திவிட்டார். அடி தெரியாத தண்ணீரில் ஒரு குழந்தை முங்கிப்போனால் யாருக்குத் தெரியும் என்று செகரட்டரியிடம் கேட்டார். அவர் கேட்டது நியாயம். செகரட்டரி ஆழப் பக்கத்துக்குக் கயிறு கட்டச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமுங்க, ஆகலைன்னா வேற ஆளுதான் பார்க்கணுமுங்க என்று மரியாதையாகச் சொன்னார்.

உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்தது. எனக்குப் பழக்கமான அரிப்புதான். அவர் நிறுத்துவதற்கு முன்னால் நான் போய்விடவேண்டும். என்ன சொல்லிவிட்டுப் போகலாம் என்பதுகூட மனதுக்குள் தயாராகிவிட்டது, அதில் ஒன்றிரண்டு நல்ல கிண்டல்களும் இருந்தன. மொபெட்டில் வீட்டுக்குத் திரும்பும்போது அதையெல்லாம் ஒத்திகை பார்ப்பேன். சரவணம்பட்டி நெருங்க நெருங்கக் கோபிசெட்டிபாளையம் ஞாபகம் வரும், கிண்டல்கள் மறந்துபோகும்.

மோட்டார் ரூமில் ஒரு நோட்டு உண்டு, கழுவிய நேரத்தையும் முள் நின்ற எண்ணையும் அதில் எழுதிவைப்பேன்; ஒரு சாயங்காலம் அதை வீட்டுக்கே கொண்டுபோனேன். என்மேல் தப்பில்லை என்று யாரிடமாவது நிரூபிக்கவேண்டும் போலிருந்தது. மனைவி மாதப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நோட்டை அவள் முன்னால் போட்டு, பாரு அம்மணி, ஒரு நாளாவது விட்டிருக்கேனா என்றேன். அவள் சிவப்புப் பேனாவோடு புரட்டினாள். முதல் பக்கத்திலேயே என் எழுத்துப் பிழைகள் இரண்டைத் திருத்தினாள், கைப்பழக்கம். அப்புறம் பேனா நின்றுவிட்டது.

"கழுவறதுக்கு முன்னாலயும் பன்னெண்டு, கழுவின பொறகும் பன்னெண்டு. அப்ப எதுக்குங்க கழுவறீங்க?"

எட்டு ஏறினால் கழுவச் சொல்லியிருக்கிறார், இது பன்னிரண்டு, இதில் என்ன சந்தேகம் என்றேன்.

"எட்டு ஏறினாவா, எட்டுக்கு ஏறினாவா?"

இரண்டும் ஒன்றுதான், இலக்கணத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள் என்று கத்தினேன். மகள் வீட்டுப்பாடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். மனைவி அசையவில்லை. மோசமான விடைத்தாளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் ரெண்டு டிகிரி ஏறிருச்சுன்னு சொன்னா, ரெண்டு டிகிரியிலயா இருக்குதுன்னு அர்த்தம்?"

அவள் தலையைக் குனிந்து அடுத்த தாளை எடுத்துக்கொண்டாள். அவர் சொல்லாத ஒரு 'கு'வை நானாகச் சேர்த்துக்கொண்டு ஒரு மாதம் நூறு லோடு தண்ணீரைப் புல்லுக்கு விட்டிருக்கிறேன் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மெக்கானிக்மேல்தான் கோபம் வந்தது. ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் பஸ் விட்டுவிட்டா போய்விடும்?

மறுநாள் கிளப் ஆபீஸிலிருந்து பெருந்துறைக்குப் போன் போட்டேன். அவர் வீட்டில் போன் கிடையாது, பக்கத்து வீட்டு பி.பி. நம்பர்தான். கூப்பிட்டு வர நேரமானது. நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. அப்புறம் பொறுமையாகச் சொன்னார். மணல் சுத்தமாக இருக்கும்போதே முள் பன்னிரண்டு காட்டும், அதுதான் ஆரம்பம். அதிலிருந்து எட்டு ஏறி இருபதுக்கு வந்தால்தான் கழுவவேண்டும். அதற்கு முன்னால் கழுவினால் கெடுதல்தான். மணலில் கொஞ்சம் அழுக்கு இருந்தால்தான் மெல்லிசான தூசி மாட்டும். கழுவிக் கழுவி வைத்த மணலில் தூசி நேராக ஓடி மறுபடி குளத்துக்கே வந்துவிடும். நான் சுத்தம் செய்யச் செய்யத்தான் குளம் கலங்கியிருக்கிறது.

"கொஞ்ச நாளைக்குக் கைப்பிடியத் தொடாதீங்க. கையக் கட்டிட்டு உக்காருங்க, தானாத் தெளியுமுங்க."

சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்த நாட்களைப் போல நான் எப்போதும் கஷ்டப்பட்டதில்லை. காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டால் அப்புறம் வேலையே இல்லை. முள் பன்னிரண்டு. குளத்தை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தால் பன்னிரண்டு. கேஜின் கண்ணாடியைச் சுண்டினேன். இலை வடிக்கும் கூடையை எடுத்துத் தட்டினேன், உள்ளே ஒரு வேப்பிலை. அரை மணி கழித்து மறுபடி தட்டினேன், ஒன்றுமில்லை. மோட்டாருக்கு வேண்டாத ஆயில் விட்டேன். குளத்து ஓரத்து ஓடுகளை எண்ணினேன், பாதியில் விட்டுப்போனது, முதலிலிருந்து எண்ணினேன். குளம் அப்படியே வெளுத்துக் கிடந்தது. ஒரே ஒரு முறை கழுவினால் என்ன என்று கை துடித்தது. இரண்டாம் நாள் மத்தியானம் கைப்பிடிமேல் கை வைத்தே விட்டேன், திருப்புவதற்குள் எடுத்துக்கொண்டேன்.

அன்று மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியைத் தோட்டக்கார அம்மாவிடம் கொடுத்தேன். சாயங்காலம் மோட்டாரை நிறுத்தும் நேரம்வரை நான் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்றேன். ஒரு மணி நேரத்தில் போய்க் கேட்டேன். கொடுக்க வேண்டாம்னு நீங்கதானுங்க சொன்னீங்க என்றார். அவசரம் என்றேன். அவர் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு களை பிடுங்கப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் மறுநாளும் அவரிடமே கொடுத்தேன்.

நான்காம் நாள் ஆழப் பக்கத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் அது கோடு என்று தெரிந்தது. ஆறாம் நாள் கோடுகள் எல்லாம் வந்துவிட்டன, ஒரு தலைமுடிக் கிளிப் அடியில் கிடப்பதுகூடத் தெரிந்தது. முள் பதினைந்து. கயிற்றை அவிழ்த்தோம். டாக்டரம்மாவின் பிள்ளைகள் தண்ணீரில் குதித்ததைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் ஒன்றும் செய்யாமல் இருந்ததற்குக் கிடைத்த சந்தோஷம் அது, அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. வாழை வாடுது, தண்ணி எப்பங்க உடுவீங்க என்று தோட்டக்கார அம்மா மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள், புதன்கிழமை, செகரட்டரி மோட்டார் ரூம் பக்கம் வந்தார். நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை இல்லை, உட்காரத்தான் பழகிக்கொண்டிருந்தேன். அவர் நோட்டை எடுத்துப் பார்த்தார். ஒரு மாதம் தினமும் கழுவியதாக எழுதியிருந்தவன் பத்து நாளாக ஒன்றும் எழுதவில்லை. ஃபில்டரைத் தொடவே இல்லையா என்று கேட்டார். பதினேழுதான் ஆகிறது, இருபது வரவேண்டும் என்றேன். அவருக்கு அது சாக்குப்போக்காகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள், குளம் இப்போதுதான் நன்றாக இருக்கிறது, இப்படியே இருக்கவேண்டுமானால் உடனே கழுவிவிடுங்கள் என்றார்.

பெருந்துறையில் சொன்னதை நான் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். மணல், தூசி எல்லாம் பம்பு செய்தவருக்கு இரண்டு நிமிடத்தில் புரிந்திருக்கும். ஆனால் பத்து நாள் கையைக் கட்டிப்போட்டிருந்தவன் நான், வாயையும் கட்டிப்போட ஞாபகம் வரவில்லை.

"உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்றேன்.

இருபது வருடம் பம்பு செய்தவரிடம், கோயமுத்தூரில், பட்டப்பகலில் சொன்னேன். கடைசியில் போட்ட 'ங்க' என்னைக் காப்பாற்றவில்லை. அவர் முகம் சிவந்தது. நோட்டை மெதுவாக ஸ்டூல்மேல் வைத்தார்.

"நாளைக்கு நீங்க வர வேண்டாமுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். முன்னேயெல்லாம் இப்படி ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் காத்திருப்பேன். சாவியை வீசிவிட்டு வெளியே வந்தால் ரோடே எனக்காகப் போட்டதுபோல இருக்கும். அன்று சாவியை ஆணியில் மாட்டுவதற்கு முன்னால் கேஜை இன்னொரு முறை போய்ப் பார்த்தேன். எனக்குப் போக இஷ்டமில்லை. முள் பதினெட்டுக்கு வருவதைப் பார்க்கவேண்டும், பத்தொன்பதைப் பார்க்கவேண்டும், இருபதில் என் கையால் கழுவவேண்டும். முதல் தடவையாக ஒரு வேலையில் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன், முதல் தடவையாக என்னை நிறுத்தினார்கள்.

வீட்டில் சாப்பாட்டு நேரத்தில்தான் சொல்ல வாய் வந்தது. மனைவி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் என்ன சொன்னாரோ அதை அப்படியே சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். இனிமேல் வராதீர்கள் என்றாரா, நாளைக்கு வர வேண்டாம் என்றாரா என்று கேட்டாள். நாளைக்கு வர வேண்டாம் என்றுதான் சொன்னார், அதற்கு என்ன அர்த்தம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும் என்றேன்.

"நாளைக்குத்தானுங்களே வர வேண்டாம்னாரு. நாளான்னிக்குப் போங்க."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்று இரவு எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. பக்கத்தில் அவள் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள், லேசாகக் குறட்டைகூட விட்டாள். கோபிக்குப் போவது என்று முடிவாகிவிட்டது, அதுதான் இவளுக்கு இவ்வளவு நிம்மதி என்று எரிச்சலாக வந்தது.

மறுநாள் இருவரும் பஸ்ஸுக்குப் போன பிறகு வீடு என்னைத் துரத்தியது. அடுப்படிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்பேனரை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். பாத்திரம் துலக்கினேன். மகளின் இன்னொரு செட் யூனிஃபார்ம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கும் கோபியில் ஒரு கொடி இருக்கும் என்று நினைத்ததும் உட்கார முடியவில்லை. ஜூனில் இந்த வீட்டில் நான் மட்டும் எழுந்து, நான் மட்டும் காபி போட்டுக் குடித்து, எந்த வேலைக்குப் போய் எந்த வேலையை விட்டாலும் கேட்க ஆளில்லாமல் இருப்பேன். எனக்குப் பயமாக இருந்தது. கணபதி வரை நடந்து போய், டீகூடக் குடிக்காமல் நடந்து திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கெல்லாம் கிளப்பில் இருந்தேன். விரட்டினால் விரட்டட்டும். செகரட்டரி தினமும் காலையில் நீந்துகிறவர். அன்று தோளில் துண்டோடு கரையில் நின்றுகொண்டிருந்தார், இறங்கவில்லை. குளத்தைப் பார்த்தேன். ஃபில்டரிலிருந்து தண்ணீர் திரும்பி வரும் துளைகளுக்கு முன்னால் செம்மண் கரைத்துவிட்டதுபோல மேகம் மேகமாக நின்றது. கோடுகள் பாதிதான் தெரிந்தன.

நேற்றுச் சாயங்காலம் அவரே கழுவியிருக்கிறார். செய்வதற்கு முன் கேட்டுக்கொள்ளலாம் என்று பெருந்துறைக்குப் போனும் போட்டிருக்கிறார். மெக்கானிக் வெளியூர் வேலைக்குப் போயிருந்தாராம். அவர் வீட்டம்மாதான் போனுக்கு வந்து, எட்டு ஏறினாக் கழுவறதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாருங்க என்றார்களாம்.

"பதினேழு காட்டுச்சு. எட்டு எப்பவோ தாண்டிப்போச்சு, நீங்க என்னமோ இருவதுன்னீங்க. அதான் கழுவினேன்."

நான் அப்போது சிரித்திருக்கலாம். உங்களுக்குத் தெரியாது என்று புதன்கிழமையே சொன்னேனே என்றும் கேட்டிருக்கலாம். இரண்டும் நாக்கு நுனியில் நின்றன.

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். ஒரு மாசம் கழுவினேன்."

கழுவிய பிறகு அலசினீர்களா என்று கேட்டேன். அது வேறயா என்றார். அலசாமல் விட்டதால், கிளப்பிவிட்ட அழுக்கில் பாதி நேராகக் குளத்துக்கே வந்துவிட்டது. அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கைப்பிடியைக் காட்டினேன், பன்னிரண்டிலிருந்து எட்டு என்பதையும் சொன்னேன். புதன்கிழமை சொல்லவேண்டிய நிதானத்தில் சொன்னேன். கேஜையே பார்த்துக்கொண்டு கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெளியுமா என்றார். தொடாமல் விட்டால் தெளிந்துவிடும் என்றேன்.

"அப்ப யாரையும் தொட உடாதீங்க. என்னையும் சேர்த்துத்தான்."

புதன்கிழமைப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. காபி சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார். நோட்டில் அன்றைய தேதி போட்டுப் பன்னிரண்டு என்று எழுதினேன். முதலிலிருந்து காத்திருக்கவேண்டும். எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். செகரட்டரி அலசாமல் விட்ட இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்தாள். சொல்லி முடித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. இப்போதாவது சொல், கோபிக்குப் போகிறாயா இல்லையா என்று கேட்டேன்.

லீவுக்குப் போவோம், நீங்களும் வாங்க என்றாள். ஏதோ எப்போதும் அப்படித்தான் இருந்ததுபோல. அவ்வளவுதானா, புதன்கிழமை நான் அவ்வளவு தவித்தபோது குறட்டை விட்டுத் தூங்கினாயே என்று கேட்டுவிட்டேன். மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தாள்.

"அஞ்சு வேலைய விட்டீங்க. விட்டுப்போட்டு வந்த அன்னிக்கெல்லாம் படுத்ததும் நல்லாத் தூங்கினீங்க. நாந்தானுங்க முழிச்சுக் கெடந்தேன். முந்தாநேத்துத்தான் நீங்க தூங்காமப் பொரண்டீங்க. அதையப் பாத்தப்பறம் எனக்குத் தூக்கம் வந்துருச்சு."

குரலில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. சொல்லிவிட்டு மறுபடி துணியை எடுத்துக்கொண்டாள். அவள் கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுத்திருந்தது. அது எப்போதிலிருந்து அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.